பத்துக்குப் பத்தும் ஒரே வரிசை

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு நாற்பது. வெளியே மூடுபனி. எதிர் டவரில் ஆறாவது மாடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பால்கனியில் மாட்டியிருக்கும் வெப்பமானி பதினைந்து காட்டியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் என் மகனுக்கு அப்போது சனிக்கிழமை மாலை ஆறு பத்து. ஏழரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அந்தப் பத்து நிமிடத்தில் போன் சைலண்டில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அன்று நாங்கள் எங்கள் பட்டியல்களைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. என்ன பட்டியல் என்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே நாலைந்து சிறிய அணிகள் உண்டு. படிப்படியாக வைத்திருப்பார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கடைசிப் படியில் சேர்ந்து, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடி, ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். பெரும்பாலானவர்கள் மேலே போவதே இல்லை. யார் போவான் என்று முன்கூட்டியே கணித்து வரிசைப்படுத்துவது அந்த நாட்டில் ஒரு பெரிய வேலை. அடிப்பது, ஓடுவது, எறிவது எல்லாவற்றுக்கும் இருபதிலிருந்து எண்பது வரை மார்க். ஐம்பது என்றால் சராசரி. பூஜ்யமும் கிடையாது, நூறும் கிடையாது. இந்த விசித்திர மார்க் முறையை ஏற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இந்தப் பழக்கம் வந்த கதை சிறியது. 2021இல் என் மனைவி இறந்தாள். அவள் இருந்தவரை மகனிடம் பேசுவது அவள் வேலை. நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். "அப்பாகிட்ட குடுக்கட்டுமா?" என்பாள். "வேண்டாம், கேட்டேன்னு சொல்லு" என்று அவன் சொல்வது எனக்கே கேட்கும். அவள் போன பிறகு போன் நேராக என் கைக்கு வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா, இல்லை. இரண்டு நிமிடத்தைத் தாண்டிய நாட்கள் குறைவு. அடுத்த கோடையில் என்னை அங்கே கூட்டிப்போய் மூன்று மாதம் வைத்துக்கொண்டான். அவன் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில் ஒரு சின்ன அணியின் மைதானம் இருந்தது. பதினோரு ஆட்டம் பார்த்தோம். ஒவ்வொரு பந்தையும் எண்ணி எழுதும் ஆட்டம் அது. ஸ்கோர் அட்டையில் எப்படிக் குறிப்பது என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பதினோரு மாலைகளில் அவன் என்னோடு பேசியது, அதற்கு முந்தைய பத்து வருடங்களில் பேசியதை விட அதிகம்.

நான் திரும்பி வந்ததும், தன் கார்டில் பணம் கட்டி, அந்த அணிகளின் ஆட்டங்களைப் போனில் பார்க்க ஏற்பாடு செய்து தந்தான். அவனுக்கு மாலை, எனக்குக் காலை ஏழு மணி. காபியோடு உட்காருவேன். ஜனவரி வந்ததும் ஆளுக்குப் பத்துப் பேரை வரிசைப்படுத்தி அனுப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று. 2023இல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது நாற்பத்தொரு நிமிடம். பந்தெறியும் பிட்சர்களில் ஒரு இடதுகைப் பையனை அவன் மூன்றாவதாக வைத்திருந்தான். காரணம் கேட்டால், "பார்க்கிங்ல எனக்குக் கை குடுத்தாம்பா" என்றான். நான் கத்தினேன். அவன் சிரித்தான். அடுத்த வருடம் முப்பத்துமூன்று நிமிடம்.

எனக்கு இது பழக்கப்பட்ட வேலை. முப்பத்திரண்டு வருடம் மாநில அரசில் விளைச்சல் கணக்கெடுக்கும் உத்தியோகம். அறுவடைக்கு முன் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதை மட்டும் அறுத்து எடை போட்டு, தாலுகா முழுவதும் எவ்வளவு விளையும் என்று சொல்ல வேண்டும். எந்த வயல், எந்த மூலை என்பதை குலுக்கல் மாதிரி எண் எடுக்கும் அட்டவணைதான் தீர்மானிக்கும். நம் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் கயிறு கட்டக் கூடாது. அதே மாதிரி, வாரத்தில் எந்த மூன்று ஆட்டம் பார்ப்பது என்பதையும் அந்த எண் அட்டவணையை வைத்தே எடுத்தேன். பிறர் போட்ட பட்டியலைக் கண்ணால் பார்ப்பதில்லை என்றும் வைத்திருந்தேன்.

2025க்கான என் மகனின் பட்டியல் முந்தின இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. ஏழாம் இடத்தில் இருந்த பையனை நான் பார்த்ததே இல்லை. ஒரு சீசனில் எழுபது ஆட்டம் பார்த்த எனக்கு இது உறுத்தியது. காலையில் எழுந்ததும் அந்தப் பையன் பெயரைப் போட்டுத் தேடினேன். முழங்கையில் அறுவை சிகிச்சை, வருடம் முழுவதும் ஆடவில்லை என்று வந்தது. அதற்குக் கீழேயே ஒரு இணையதளத்தின் பட்டியலும் வந்தது. முதல் பெயரிலிருந்து பத்தாம் பெயர்வரை என் மகனுடைய வரிசை.

என் உத்தியோகத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வயலுக்குப் போகாமல் மேஜையில் உட்கார்ந்து எழுதிய அறிக்கை எப்போதும் கச்சிதமாக இருக்கும். பக்கத்து ஊர்க் கணக்கோடு அப்படியே பொருந்தும்.

ஏழு நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது.

"ஏழாம் நம்பர் பையனை நீ எப்ப பாத்த?" என்றேன். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏதோ ஒரு மேட்ச்லப்பா. ஞாபகம் இல்ல."

"அவன் போன வருஷம் ஒரு மேட்ச்கூட ஆடல."

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"பத்துக்குப் பத்தும் ஒரே வரிசைடா. பத்துப் பேரை எத்தனை விதமா வரிசை வைக்கலாம் தெரியுமா? முப்பத்தாறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு விதம். அதுல உனக்கும் அந்த வெப்சைட்டுக்கும் ஒண்ணே தோணிச்சா?"

"அப்பா, நான் ஒண்ணும் உங்க டிபார்ட்மெண்ட் ஃபீல்ட்மேன் இல்ல."

"போன வருஷமும் இப்படித்தானா?"

"ரெண்டு வருஷமா நான் பாக்கறதில்லப்பா. வேலை மாறினதுலேந்து டைமே இல்ல."

"அப்புறம் எதுக்கு அனுப்பின?"

"நீங்க டிசம்பர்லேந்தே லிஸ்ட் ரெடியா, லிஸ்ட் ரெடியான்னு கேட்டுட்டு இருந்தீங்க. இல்லன்னா நாம என்னப்பா பேசறது?"

இங்கே பதினைந்து டிகிரி என்றேன். சரி, குளிர் ஜாஸ்தி, வெளியே போகாதீங்க என்றான். ஒன்பது நிமிடம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆயின. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பட்டியல் என்ற சொல்லையே இருவரும் எடுக்கவில்லை. இரண்டு ஞாயிறு அவன் கூப்பிடவே இல்லை, மெசேஜ் மட்டும். இந்தக் குடியிருப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. காலையில் கம்பெனி கேப்கள் வரிசையாக வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பகலில் லிஃப்டில் ஏறினால் நானும் கண்ணாடியும்தான். இந்த வீடு அவன் இங்கே வேலையில் இருந்தபோது வாங்கியது. எங்கள் பழைய பேட்டையில் இருந்திருந்தால் வாசலில் நின்று யாரையாவது திட்டவாவது செய்யலாம்.

மார்ச் கடைசியில் புது சீசன் தொடங்கியது. இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை ஏழுக்குக் காபியோடு உட்கார்ந்து போனைத் திறந்தால், உங்கள் சந்தா முடிந்துவிட்டது என்று வந்தது.

நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன். நான் அவனை விசாரணை செய்ததற்கு இது பதில் என்றும் நினைத்தேன். அவனைக் கேட்கலாம். கேட்டால், இதற்காகவும் அவனிடம் கெஞ்சுகிறேன் என்றாகும். கேட்காமல் விட்டால், எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சும் சத்தமில்லாமல் முடிந்துபோகும். நானே கட்டுவது என்று தீர்மானித்தேன். அன்று முழுவதும் என் கார்டைப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. வெளிநாட்டுக்குச் செல்லாதாம், வங்கியில் திறந்துவிட வேண்டுமாம். ஞாயிறு யுகாதி, திங்கள் ரம்ஜான், செவ்வாய் வங்கியில் வருடக் கணக்கு, மூன்று நாளும் மூடல். புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆட்டோ பிடித்துப் போனேன்.

கவுண்டரில் இருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். கன்னடத்தில் தொடங்கி, என் பெயரைப் பார்த்ததும் தர்மபுரிப் பக்கத்துத் தமிழுக்கு மாறினாள்.

"வெளிநாட்டுக்கு எதுக்கு சார் பணம்?"

"ஒரு ஆட்டம் பாக்க."

பேனாவைக் கீழே வைத்தாள். "சார், யாராச்சும் வீடியோ கால்ல வந்து போலீஸ்னு சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லம்மா. கூப்பிட்டிருந்தா அரைமணி நேரம் பேச்சுத் துணையாவது கிடைச்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "போன வாரம்கூட இப்படித்தான் சார், ஒரு ஆன்ட்டி ஒண்ணுமே இல்ல ஒண்ணுமே இல்லன்னாங்க. வீட்ல யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

எனக்குப் பின்னால் பாஸ்புக்கோடு நின்றவர், "டிவியில கிரிக்கெட் ஓசியில வருதே சார், அது பத்தாதா?" என்றார். நான் திரும்பவில்லை.

"அக்கவுண்ட்ல உங்க பையன் பேரும் சேர்ந்து இருக்கு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணிடறேன்" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். நான் மறுக்க மறுக்க அவள் சந்தேகம் வலுத்தது. கடைசியில் என் போனிலிருந்தே நான் கூப்பிட, அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அவனுக்கு அப்போது இரவு பத்தரை மணி இருக்கும்.

"அப்பா? என்னாச்சு? எங்க இருக்கீங்க?"

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ, ஃப்ராடெல்லாம் இல்லைங்க மேடம். பேஸ்பால். எங்கப்பா காலங்காத்தால உக்காந்து பாப்பார்." பிறகு என்னிடம், "என் கார்டு மாறிடுச்சுப்பா, புது நம்பர் போட மறந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் பாக்கறதில்லன்னியே."

"நான் பாக்கலன்னா நீங்களும் பாக்கக்கூடாதுன்னா சொன்னேன்?"

அதிகாரி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன். "நான் மட்டும் பாத்து, லிஸ்ட் போட்டு, யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க. நான் சண்டை போடறேன்."

"பாக்காம எப்படிடா சண்டை போடுவ?"

"நீங்க சொல்றது எல்லாமே தப்புன்னா போதாதா?"

அந்தப் பெண் இப்போது சிரித்துவிட்டாள். பாஸ்புக்கோடு நின்றவரும்தான். நானே புது நம்பர் போட்டுடறேன்ப்பா என்று அவன் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு முறை எச்சரித்து, கார்டைத் திறந்துவிட்டாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து கட்டினேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவன் கூப்பிட்டான். நடுவில் ஒரு ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. அடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் ஒரு கேட்சரைப் பற்றிச் சொன்னேன். பந்தைப் பிடித்து ஓடுகிறவனை அவுட்டாக்க இரண்டாம் பேஸுக்கு எறிவதில் அவனுக்கு அறுபது மார்க் போடலாம், முதல் ஐந்தில் வைக்கப்போகிறேன் என்றேன்.

"இருபத்தஞ்சு வயசுப்பா அவனுக்கு. அந்தப் படியில அவன் கிழவன்" என்றான்.

நான் சண்டைக்குப் போனேன். பதினேழு நிமிடம் ஓடியது. அவன் அந்தப் பையனை ஆட்டத்தில் பார்த்தானா, அல்லது நான் பேசப் பேச அங்கேயே பெயரைத் தட்டி வயதைப் பார்த்துச் சொன்னானா என்று தெரியாது. டைப் அடிக்கும் சத்தம் கேட்ட மாதிரியும் இருந்தது. நான் கேட்கவில்லை. போனை வைத்த பிறகும் எங்கேயும் தேடிப் பார்க்கவில்லை. அன்று லிஃப்டில் யாரும் இல்லை, மாலை வரை யாரோடும் பேச்சும் இல்லை. அடுத்த ஞாயிறுக்கு அந்தக் கேட்சரின் எறிகளை எண்ணி வைத்தேன்.

சந்தா, வங்கி எடுத்துக்கொண்ட வெளிநாட்டுக் கட்டணம், அதற்கு வரி, போக வர ஆட்டோ, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்தாறு ரூபாய் ஐம்பத்தைந்து காசு.