பாரில் பாக்கியம் அக்கா

போன வாரம் பியர் குடித்தேன். ஜெர்மனியில், ஒரு விமான நிலையத்துக்குள்ளே. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? இலங்கை மலையகத்து நோர்வூட் பாக்கியம் அக்கா!

எங்கள் பக்கத்து வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சம்பள நாளில் பெண்களைக் கூட்டிக்கொண்டு சாராயம் விற்கும் தவறணை வாசலில் நிற்பவர். உள்ளே போகமாட்டார், சண்டை பிடிக்கமாட்டார். வெளியே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "ராமையாண்ணே, வீட்ல பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க, எந்திரிங்க!" அந்தக் குரலுக்கு அசையாத ஆம்பிளை எங்கள் தோட்டத்தில் குறைவு.

தொழிலாளர் மாநாடு ஒன்றில் பேச அக்காவுக்கு ஃபேக்ஸில் அழைப்பு வந்தது. மொழிபெயர்க்க நான். பேசி முடித்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஊர் திரும்பும் வழியில்தான் இந்த பார்.

கண்ணாடிக்குப் பின்னால் பெரிய செப்பு அண்டாக்கள். அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றுகிறார்கள். இந்த பியர் வேறெங்கும் கிடைக்காதாம்! எனக்கு நாக்கு ஊறியது. ஆனால் பக்கத்தில் அக்கா...

"அக்கா... ஒண்ணே ஒண்ணு?"

"குடிங்க தம்பி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

இதற்கு மேல் எந்த மனுஷன் நிம்மதியாகக் குடிப்பான்?

ஆனால் அக்கா பார்த்தது என்னை அல்ல, பாரை. கோட்டுப் போட்டவரும் முதுகில் பை மாட்டியவரும் பக்கத்தில் பக்கத்தில். முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசுகிறார்கள். ஒலிபெருக்கி ஏதோ சொன்னதும் பாதி கிளாஸை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"என்னா தம்பி, மிச்சம் வச்சிட்டுப் போறாங்க?"

"பிளேனுக்குக் கூப்பிடுறாங்க அக்கா."

"அதான பாத்தேன். கூப்பிட ஆளு இருக்கு."

விமான நிலைய பாருக்கு ஏன் இத்தனை மவுசு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பியரின் ருசி பாதி. மீதி, எழுந்து போக ஓர் இடம் இருக்கிறது என்கிற தைரியம்!

அந்த நேரம் ஒலிபெருக்கி ஒரு பெயரைக் கூப்பிட்டது. மறுபடியும் அதே பெயர். கடைசி அழைப்பு. பார்க்காரரும் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"யாரோ ஒருத்தர் பிளேனைத் தவறவிடப்போறாரு அக்கா," என்றேன்.

அக்கா ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் ஒருவர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய் மேசையைத் தட்டினார்.

"எந்திரிங்க அய்யா! வீட்ல பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல!"

சுத்தமான தோட்டத்துத் தமிழ். அந்த வெள்ளைக்காரருக்கு அது எப்படிப் புரிந்ததோ! துள்ளி எழுந்தார், மணியைப் பார்த்தார், அக்காவைக் கும்பிடாத குறையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையோடு ஓடினார்.

பார்க்காரர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார். ஏறிவிட்டார்! பாரே கைதட்டியது. மாநாட்டுக் கைதட்டலைவிட இது எனக்குப் பெரிதாகக் கேட்டது. "யார் இவர்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "எங்க அக்கா, எங்க தோட்டம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பார்க்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இவரை இங்கேயே வேலைக்கு விட்டுவிட்டுப் போகிறீர்களா?"

மொழிபெயர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லுங்க தம்பி. இங்க மைக் இருக்கு. அங்க நான்தான் இருக்கேன்."