யானை நின்ற சாலையில் என் கால்கள் திரும்பின

அந்த வருடம் ஆனி மாதம் எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. சோறு வைத்தால் குழைந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. விளக்கேற்றுவேன், ஆனால் சாமியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் உண்மையைச் சொல்லவேண்டி வருமே என்ற பயம்.

கங்காதர நெல்லூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கணவர் முனிரத்தினம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. ஒரு காலத்தில் குவைத்துக்குப் போன புருஷனோடு பேசுவதற்காகப் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. வரிசை போய்விட்டது. அவர் மட்டும் தினமும் காலையில் போய்க் கண்ணாடிக் கதவைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

நான் மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. பெங்களூரில் தையல் கம்பெனியில் இருந்த என் சிநேகிதி, "வந்துடுடி, ரூமு இருக்குது, வேல இருக்குது" என்று கூப்பிட்டாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு வயது மகள் திவ்யாவை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதாக முடிவு. கணவரிடம் சொல்லவில்லை. அவர் தடுப்பார் என்று பயந்து அல்ல. அவர் தடுக்கமாட்டார். அதுதான் என்னை அரித்தது.

வேலைக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அவரைத் தூக்கி ஏற்றி, இறக்கி, எங்கே போனாலும் அவருக்காக நின்று நின்று எனக்குச் சலித்துப்போயிருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகருக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டுப் பொய் சொல்லக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திவ்யாவை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். பலமனேர் பக்கம், காட்டை ஒட்டிய ஊர். எங்களிடம் இருந்தது பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய பழைய ஸ்கூட்டர். அதில் ரிவர்ஸ் கிடையாது. பின்னால் எடுக்க வேண்டுமென்றால் நான் இறங்கித்தான் தள்ளவேண்டும். உதைத்து ஸ்டார்ட் செய்வதும் நான்தான்.

திரும்பும்போது அக்கா ஒரு பை நிறையப் பழுத்த மாம்பழத்தைக் கொண்டுவந்து ஸ்கூட்டரில் அவர் காலடியில் வைத்தார். "ரெண்டு நாளா ஆனைங்க கீழ எறங்கிக்கினு இருக்குதுங்க. பொழுதோட போயிடுங்க" என்றார். மாலை ஐந்து மணிதான் இருக்கும். வெயில்கூட இறங்கவில்லை. கிளம்பினோம்.

பெரிய ரோட்டைச் சேர நாலு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் புதர்க்காடு. அவர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். நான் பின்னால் உம்மென்று இருந்தேன். எந்த நாளில் பஸ் ஏறுவது, துணிகளை எப்படி அவர் பார்க்காமல் எடுப்பது, இதுதான் மனதில் ஓடியது. ஒரு சின்னப் பாலம் தாண்டி, இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் அவர் சட்டென்று பிரேக் போட்டார். என் முகம் அவர் முதுகில் மோதியது.

எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்குக் குறுக்கே யானை. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி.

அவர் இன்ஜினை அணைத்தார். காடே நிசப்தமாக இருந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது.

"எறங்கு" என்றார், வாய்க்குள்ளேயே.

இறங்கினேன். "பின்னால தள்ளட்டுமா?"

"ஏத்தம். உன்னால ஆவாது. நீ ஓடு."

"நீங்க?"

"நான் எப்படி ஓடுறது? பாப்பாவுக்கு நீயாச்சும் வேணும். போ."

நான் ஓடினேன்.

இதை மறைத்துச் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினேன் என்று சொல்லலாம். அப்படி இல்லை. உயிருக்குப் பயந்து ஓடினேன். ஒரு செருப்பு கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. பாலத்துக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தேன். மேட்டிலிருந்து அவர் முதுகு தெரிந்தது. இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போய்விட்டேனா, நிற்கிறேனா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யானை அவரை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தது.

அப்போதுதான் எத்தனையோ நாள் கழித்துச் சாமியைக் கூப்பிட்டேன். யானையை விரட்டு என்று கேட்க வாய் வரவில்லை. "பிள்ளையாரப்பா, என்னால திரும்பிப் போவ முடியல. பயமா இருக்குது. என் காலை நீ திருப்பு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வேறு மந்திரம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

தைரியம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஆனால் கால்கள் இறக்கத்தில் நடந்தன. அது நான் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், அது நான் இல்லை.

பக்கத்தில் போனபோது மாம்பழ வாசனை எனக்கே மூக்கில் ஏறியது. யானைக்கு என்ன, நன்றாகவே தெரிந்திருக்கும். அதன் தும்பிக்கை அந்தப் பையை நோக்கித்தான் நீண்டிருந்தது. பையை இழுத்தேன். பையின் காது அறுந்தது. அப்படியே கட்டிப் பிடித்துத் தூக்கி ரோட்டோரப் பள்ளத்தில் எறிந்தேன். பழங்கள் உருண்டன.

"ஏன் வந்த?" என்றார். கோபமாகச் சொன்னார்.

நான் ஸ்கூட்டருக்கு முன்னால் போய் ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினேன். என் முதுகுப்பக்கம் யானை. எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. சமதரையிலேயே அந்த வண்டியைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அன்று ஏற்றத்தில் அது நகர்ந்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து, பின்சக்கரத்து டயரைக் கையால் பிடித்து உருட்டினார்.

"வருதா?" என்று கேட்டேன்.

"நிக்குது. நீ தள்ளு."

பின்னால் ஒரு பிளிறல். உள்ளங்காலில் தரை அதிர்ந்தது.

"வருதா?"

"நிக்குதுன்னு சொல்றன் இல்ல. என்னையே பார்த்துக்கினு தள்ளு."

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் முகத்தை நான் பார்த்தது இல்லை. பாலத்தில் இடம் கொஞ்சம் அகலம். வண்டியைத் திருப்பினோம். எப்போதும் ஐந்தாறு உதை கேட்கிற வண்டி, அன்று ஒரே உதையில் கிளம்பியது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். குட்டி பள்ளத்தில் இறங்கிப் பழம் தின்றுகொண்டிருந்தது. தாய் அதன் பக்கத்தில் நின்றிருந்தது.

அக்கா வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. அந்த ரோட்டில் பைக்கில் போகும்போது காட்டுப்பன்றி குறுக்கே வந்து விழுந்தவர், மான் பாய்ந்து கை ஒடிந்தவர், ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவருடைய வலது உள்ளங்கை தோலுரிந்து ரத்தமாக இருந்தது. அதற்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் காணிப்பாக்கம் போனோம். அந்தச் சந்நிதியில் பொய்ச்சத்தியம் பண்ணக்கூடாது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குடிகாரர்கள்கூட அங்கே வந்துதான் குடியை விடுவதாகச் சத்தியம் செய்வார்கள். திருக்குளத்தில் முழுகி, தரிசனம் முடித்து, வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். பெங்களூர் விஷயத்தை நான் சொன்னேன். சலிப்பையும் சொன்னேன்.

அவர் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"உன் கூட்டாளி ரெண்டு வாட்டி பூத்துக்குதான் போன் பண்ணுச்சி. நீ எப்ப வரேன்னு கேட்டுச்சி."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி ஆனை நிக்கல. வந்துக்கினேதான் இருந்துச்சி. பழத்துக்கிட்ட வந்துதான் நின்னுச்சி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நான் பெங்களூர் போகவில்லை. போவது தப்பு என்று சொல்லவில்லை. எத்தனையோ பேர் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். நான் போகக் காரணம் வேறாக இருந்தது, அந்தக் காரணம் போய்விட்டது. பூத்தில் போனை எடுத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷினும் ரீசார்ஜும் வைத்தோம். ஒரு மூலையில் நான் தையல் மெஷின் போட்டேன். பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அவரை இன்னும் தூக்கித்தான் ஏற்றுகிறேன். பயமும் முழுதாகப் போகவில்லை. வளைவு வந்தால் இன்றைக்கும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் விளக்கேற்றும்போது சாமியிடம் பேசுகிறேன். ஒளிக்க எதுவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீட்டில் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, நிற்க முடியாமல் உட்கார முடியாமல் இருந்தால், ஒரு நாள் காணிப்பாக்கம் வாருங்கள். தனியாக வராதீர்கள், அந்த வார்த்தை யாருக்கு உரியதோ அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். குளத்தில் முழுகுங்கள். உங்களால் முடியாததை முடியாது என்றே பிள்ளையாரிடம் சொல்லுங்கள். பிறகு படியில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறவுங்கள். மீதியைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.