நான் சொன்ன ‘சரிங்க’

நாலைந்து வருடங்களுக்கு முன், துடியலூர் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் நான் மேனேஜராக இருந்தபோது நடந்தது இது. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் முதலாளி என்னை விடவில்லை. பிறகு அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தார். பள்ளிச் சீருடையில் மிஷின்களுக்கு நடுவே ஓடித் திரிந்த பெண்ணை ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

வந்த சில மாதங்களில், பம்ப்களில் தண்ணீர் விட்டுப் பார்க்கும் டெஸ்டிங் பிரிவில் பெண்களையும் போடலாம் என்றார். அதுவரை அங்கே ஆண்கள் மட்டும்தான். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் முதலாளியின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. “சரிங்க மேடம், செஞ்சுபோடலாமுங்க” என்றேன்.

பேக்கிங்கில் இருந்த போத்தனூர்ப் பெண் ஒருத்தி முதல் ஆளாக வந்தாள். அவளுக்குக் கடைசி பெஞ்சைக் கொடுத்தேன். அதன் வால்வு இறுகிக் கிடக்கும். குழாய் இணைப்பில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஆண்களே அங்கே நிற்க மாட்டார்கள். அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்லவில்லை.

“ஏனுங்க அம்மணி, பம்ப்பை டெஸ்ட் பண்றீங்களா, குளிக்கறீங்களா?” என்று பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள்.

“சோப்பு இருந்தாக் குடுங்கண்ணா” என்று அவளும் சிரித்தாள். ஆனால் வேலை நகரவில்லை. மேடம் விசாரித்தபோது, “அந்தப் பொண்ணுக்கு இது ஆகறதில்லைங்க” என்றேன். அது அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். மறுநாள் அவள் வரவில்லை.

ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அன்று டெஸ்டிங் பக்கம் போனால், கடைசி பெஞ்சில் மேடம் நிற்கிறார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு வால்வோடு மல்லுக்கட்டுகிறார். டீ வருவதற்குள் தலையெல்லாம் நனைந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை. விடை வராத கணக்கைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“சார், பொண்ணுங்களைப் போட உங்களுக்கு இஷ்டமில்லைங்களா?”

“இஷ்டமில்லைங்க.” அவரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு அதுதான்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கலாமே. அந்தப் பொண்ணு எதுக்குங்க நனைஞ்சா?”

அன்று சாயங்காலம் போத்தனூருக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. அவள் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஒண்ணு கேக்கறனுங்க சார். உங்களுக்குக் கோபம் எம்மேலயா, மேடத்து மேலயா?” என்றாள்.

“உம்மேல என்ன கோபம் அம்மணி? உன்னைப் பத்தி நான் நினைக்கவே இல்லை.”

சமாதானமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று எனக்கே உறைத்தது. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வால்வை மாத்திப்போட்டுச் சொல்லி அனுப்புங்க. வாரேனுங்க.”

மாற்றினோம், வந்தாள். அதன்பின் மேடத்தோடு நிறையச் சண்டை போட்டேன். பலதில் தோற்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார், நானும் கத்துவேன். வெளியே யாரும் நனையவில்லை.

இப்போது வேலையும் இல்லை, முதலாளியும் இல்லை. ஆனாலும் மனது ஒப்பாமல் வாய் மட்டும் ‘சரிங்க’ என்று சொல்ல வரும்போதெல்லாம், அந்தத் தண்ணீர் யார் மேல் தெறிக்கப்போகிறது என்று ஒரு கணம் நின்று பார்த்துக்கொள்கிறேன்.