கைகட்டி நின்ற சுவர்

பழைய லாரிகளை உடைக்கிற இரும்புக் கிடங்கில் அவன் சம்மட்டிக்காரன். பிடித்தால் விடமாட்டான் என்பதால் உடும்பு என்று பேர். பெற்றவள் வைத்த பேர் அவனுக்கே மறந்திருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அவன் உடைத்தது லாரி அதிகமா, பல் அதிகமா என்று கிடங்கில் பந்தயம் ஓடும். பல் கட்சிதான் ஜெயிக்கும். ஒருமுறை ஆள் யாரும் அகப்படாமல் பூட்டிய ஷட்டரையே உதைத்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அதிலிருந்து ஓட்டம் கிடையாது, அடி மட்டும்தான்.

போன வாரம் எதிர்க் கிடங்கு வெல்டரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் யாரோ கடப்பாரையைச் செருகித் திருகினமாதிரி இருந்தது. பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில் வெல்டர் தலையால் முட்டி மூக்கை உடைத்துவிட்டுப் போனான். வாயெல்லாம் ரத்தம். "உடும்பு பிடி விட்டுருச்சு டோய்!" என்று கிடங்கே சிரித்தது. மூக்கைவிட அதுதான் வலித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்க்கலாம் என்று வெல்டருக்குச் சொல்லி அனுப்பினான் உடும்பு.

மனைவி இழுத்துப்போய் இதய ஸ்கேன் எடுத்தாள். 'நார்மல்' என்று வந்தது. உடும்பு அந்தத் தாளை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே கிரேன்காரனின் விலாவை உடைக்கப் போனான். மறுபடி கடப்பாரை. உட்கார்ந்தால் போய்விடும், எழுந்து ஓங்கினால் வரும்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது சும்மா படுத்திருந்தப்ப எடுத்ததுய்யா. இதயத்துக்கு வேலை குடுத்துப் பாக்கணும். மத்தவங்கள மிஷின்ல ஓட விடுவோம். உன் முட்டி ஓடாது. அதனால ஊசி மருந்து ஏத்தி இதயத்த மட்டும் ஓட விடணும்."

குளிர்ந்த அறை. இடது பக்கமாகச் சாய்த்து, இடது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார் வத்தலான ஸ்கேன்காரர். நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை அழுத்தினார். மருந்து ஏற ஏற இதயம் இடிக்க ஆரம்பித்தது. நூறு, நூற்றிருபது. உடும்புக்குக் காது சுட்டது, பல் கடித்துக்கொண்டது. சண்டைக்கு முன்னால் வருகிற அதே படபடப்பு. ஆனால் எதிரே எவனும் இல்லை. அவன் உடம்புக்கு அது புரியவில்லை. பக்கத்தில் இருந்த முகத்தில் வலது கையால் ஒன்று விட்டான்.

ஸ்கேன்காரரின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. கருவி மட்டும் நகரவில்லை.

"அண்ணே, அடிக்கறதுன்னா வலது கையாலயே அடிங்க. இடது கை கீழ வந்தா படம் போயிரும்."

"நூத்தி நாப்பது. இப்ப எடுங்க" என்றார் டாக்டரம்மா.

கடப்பாரை வந்துவிட்டது. உடும்பு கத்தினான். மருந்தை நிறுத்தினார்கள். ஸ்கேன்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினார்.

"இந்தப் பக்கமெல்லாம் முஷ்டி மாதிரி இறுகுது பாருங்க. இதயத்தோட முன்பக்கச் சுவர் மட்டும் சும்மா நிக்குது."

"நாலு பேர் அடிக்கறப்ப ஒருத்தன் கைகட்டி நிக்கறானா?" கைகட்டி நின்ற ஒருத்தனின் முழங்கையை முறித்தவன் உடும்பு. "முன்னாடி நல்லாத்தானே இருந்தான்?"

"சும்மா இருக்கறப்ப எவன் கெட்டவன்ணே? சண்டைன்னு வந்தாத்தான தெரியும். அவனுக்கு ரத்தம் போற குழாய் சுருங்கிக் கிடக்கு. தெம்பில்ல."

"உதைச்சா நிமிருவானா?"

"நீ செத்துருவ" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கே அட்மிட் ஆகு. அடைப்பு எங்கன்னு பாத்துத் திறக்கணும்."

"ஞாயித்துக்கிழம வெல்டர் வர்றான்."

"வரட்டும்" என்றாள் கட்டிலோரம் வந்து நின்ற மனைவி. "மாலைக்கு இப்பவே சொல்லி வெச்சிரட்டுமா? நாலு பேர் பாக்கச் செத்தா உனக்குப் பெருமைதான?"

உடும்பு நெஞ்சில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்தான். "அவன்கிட்ட ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிரு. பயந்துட்டேன்னு மட்டும் சொல்லாத."

"அததான்யா முதல்ல சொல்லுவேன்."

உடும்பின் கை ஓங்கியது. தலைமாட்டுப் பெட்டியில் இதயத் துடிப்பின் எண் ஏறியது: நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பத்தொன்பது. அவள் நகரவில்லை. ஸ்கேன்காரர்தான் ஓரடி பின்னால் போனார். உடும்பு எண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

"சொல்லித் தொலை" என்றான். "டாக்டரம்மா, கையெழுத்து எங்க போடணும்?"