ஆக்சலாட்டிலைப் பானையில் வைத்த பகல்

திருச்சிக்கு லைனிங் துணி எடுக்கப் போனவள், வழியில் ஒரு வண்ணமீன் கடையில் நின்றுவிட்டேன். கண்ணாடித் தொட்டியின் அடியில், ஒரு சாண் நீளத்தில், வெள்ளை வெளேரென்று நாலு காலோடு ஒன்று நின்றது. கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் மாதிரி செவுள்கள். முகமோ, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிறவர்களின் முகம். பெயர் ஆக்சலாட்டில், மெக்சிகோ ஏரியில் பிறந்த இனம், ஆயுசுக்கும் தண்ணீரை விட்டு வெளியே வராது என்றார் கடைக்காரர். ஊரைக் கேட்டார். பொன்னமராவதி என்றேன்.

“வேணாங்க்கா. இதுக்குச் சில்லுனு இருக்கணும். ஒங்க ஊரு சித்திரையத் தாண்டாது.”

தாண்ட வைத்துக் காட்டுகிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஐஸ் போட்ட பையோடு பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மெஷினுக்குப் பக்கத்திலேயே தொட்டியை வைத்தேன். தண்ணீரின் மேல் காற்றுப் படும்படி ஒரு டேபிள் ஃபேன். பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, ஒன்று உருக உருக இன்னொன்றைத் தொட்டியில் மிதக்க விடுவேன். “மாவு வைக்க எடமில்ல, பல்லிக்கு ஐஸு கேக்குது” என்பார் என் மாமியார். துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வீடியோ காலில் தொட்டியைப் பார்த்துவிட்டு, “நான் இங்கிட்டு வெயில்ல வேகுறேன், அது அங்கிட்டு ஏசியில கெடக்குதா? அடுத்த பொறப்புல ஒங்கிட்டப் பல்லியா வந்து பொறக்குறேன் தாயி” என்றார்.

சித்திரையில் ஒருநாள், மின்வாரியப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்தார்கள். முந்தின நாளே ஃப்ரீசரை பாட்டில்களால் நிரப்பி வைத்தேன். இருந்தும் உச்சிப் பொழுதுக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் உருகிவிட்டன. ஃபேனும் இல்லை. தொட்டியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போனது. ஆக்சலாட்டில் மேலே வந்து காற்றை விழுங்கியது. வால் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. சூடு தாங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று ஃபோனில் பார்த்துப் படித்திருந்தேன்.

இதோடு விடுவதாக இல்லை. கண்ணாடி சூட்டை உள்ளே விடுகிறது. மண்பானை வேர்த்து வேர்த்துத் தண்ணீரைக் குளிர வைக்கிறது. அப்புறம் ஏன் கண்ணாடியைக் கட்டி அழ வேண்டும்? கோடைக்கென்று வாங்கி, ஊறப்போட்டு வைத்திருந்த புதுப்பானை ஒன்று இருந்தது. முன்னறை ஜன்னலோரம் மணலைக் கொட்டி நனைத்து, அதன்மேல் பானையை வைத்து, ஈரச்சாக்கைச் சுற்றினேன். தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றி, மிச்சமிருந்த பாட்டிலை அதன் ஐஸ் உருகும்வரை அதில் போட்டு வைத்தேன். தண்ணீர் குளிர்ந்ததும் பாட்டிலை எடுத்துவிட்டு, கிண்ணத்தில் ஆக்சலாட்டிலை ஏந்திப் பானைக்குள் இறக்கினேன். காற்றுப் போக இடைவெளி விட்டு ஒரு தட்டால் மூடினேன். சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தபடி, காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

வாளி நிரப்ப நான் கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில், காலையிலேயே காதுகுத்து வீட்டுக்குப் போயிருந்த மாமியார் திரும்பி வந்திருக்கிறார். ஜன்னலோரம் ஈரச்சாக்கு சுற்றிய பானை. தட்டின்மேல் டம்ளர் இல்லை. வெயிலில் வருகிறவர்களுக்கு வைத்த தண்ணீர்ப்பானை மேல் டம்ளர் வைக்க மருமகள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னாலேயே ஜாக்கெட் வாங்க அடுத்த தெரு அக்கா வந்தார். கொல்லையில் நின்ற எனக்கு அவர் குரல் கேட்டது. “தங்கச்சி, தண்ணி குடிச்சுக்கிறேன்த்தா! தொண்ட வறண்டு போச்சு!”

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் டம்ளரைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து குடிக்கிறவர் பானைக்குள் எங்கே பார்ப்பார்?

“அடேயப்பா, பல்லு கூசுது! பிரிஜ்ஜுத் தண்ணி தோத்துரும்” என்றபடி இரண்டாவது டம்ளருக்குக் குனிந்தவர், அப்படியே பின்னால் பாய்ந்தார்.

“ஆத்தாடி! உள்ள ஒண்ணு சிரிக்குதுடி!”

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தார். “என்னத்தா, பாம்பா?”

“அது என் ஆக்சலாட்டில்தான் அயித்தே. அக்கா, அது விஷமில்ல. பயப்படாதீங்க.”

“பல்லி குளிச்ச தண்ணியவா எனக்கு வச்சீங்க?”

“நாந்தேன் டம்ளர் வச்சேன்” என்று தலையில் கைவைத்தார் மாமியார். “அவ பானையில பல்லி வளப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்?”

நான் அக்காவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாலும் என் கண் பானையில்தான் இருந்தது. பல்லுக் கூசுகிற அளவுக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்றால், வால் நிமிர்ந்திருக்க வேண்டுமே. டார்ச் அடித்துப் பார்த்தேன். நிமிர்ந்திருந்தது. ஆனாலும் சூடு கண்ட உயிர் இரை எடுத்தால்தான் பிழைத்ததாக நம்பலாம். டப்பாவிலிருந்து ஒரு மண்புழுவை எடுத்து இறக்கினேன். அக்காவும் சோடாவோடு எட்டிப் பார்த்தார். மாமியாரும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

புழு நெளிந்தது. ஆக்சலாட்டில் தலையைத் திருப்பியது. ஒரே லபக்.

“தின்னுருச்சு!” என்று கத்தினேன்.

அக்கா நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார்: “அப்பச் சரி. அதுக்கே ஒண்ணும் ஆகலைன்னா, எனக்கும் ஒண்ணும் ஆகாது.”