குமிழைக் கழற்றச் சொன்னவன்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பல் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அறிக்கையை அனுப்பிவிட்டேன். பொறுமை என் ரத்தத்திலேயே கிடையாது. கடைசிச் சோதனை, அலையில் குலுங்கும் அந்தக் கப்பலில்தான் நடக்கவிருந்தது. அது வெறும் சம்பிரதாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்கு பெங்களூரில் கூட்டம். வடிவமைப்பை அதில் முடிவு செய்துவிட்டால் பிறகு யாரும் கை வைக்க முடியாது.

தீவுகளுக்கிடையே பறக்கும் சிறிய ஹெலிகாப்டரின் விமானி அறைதான் எங்கள் வேலை. விமானி திரையைத் தொடலாம், வாயால் சொல்லலாம். இயந்திரம் திருப்பிச் சொல்லும், ஆபத்தென்றால் இருக்கை அதிரும். ரேடியோ அலைவரிசையை மாற்ற மட்டும் பழைய திருகு குமிழ் ஒன்று மிச்சமிருந்தது. அதையும் கழற்றிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் மல்லுக்கட்டினேன். இரைச்சலில் குரல் எடுபடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். தொடுதிரை இருக்கிறதே என்பேன். குலுங்கும் இருக்கையில் உட்கார்ந்து நானே தொட்டும் காட்டினேன். ஒரு தப்புகூட வரவில்லை. விமானிகள் தவறவிட்டபோது 'பழக்கம் போதவில்லை' என்று குறித்தேன். அறிக்கையிலும் அந்த வரி இருந்தது.

என்னோடு சென்னையிலிருந்து ஒரு பெண் விமானி வந்திருந்தார். என்னைவிட இளையவர், அதிகம் பேசாதவர். துறைமுகத்தைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட ஆரம்பித்தது. பலகையில் பொருத்திய திரையை மடியில் வைத்து ஐந்து எண்களைத் தொடச் சொன்னேன். மூன்று தடவை விரல் பக்கத்து எண்ணில் விழுந்தது. திரையை என்னிடம் கொடுத்தார். நான் ஐந்தையும் சரியாகத் தொட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அவர் திரையைக் கவனிக்கவே இல்லை.

"உங்க கால் எங்க இருக்குன்னு பாருங்க சார்."

வலது கால் முன் இருக்கையின் கம்பியில் ஊன்றியிருந்தது. முழங்கை ஜன்னல் விளிம்பில். சுண்டுவிரல் பலகையின் ஓரத்தைக் கவ்வியிருந்தது. நான் எதையும் வைக்கவில்லை, எல்லாம் தானாகப் போய் உட்கார்ந்திருந்தன. சுற்றுமுற்றும் பார்த்தேன். தீவுக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் எங்காவது கால் ஊன்றியிருந்தார்கள். எதிரில் ஒரு அம்மா தூக்கிலிருந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் பிறந்து, போர்ட் பிளேர் விடுதிக்கும் வீட்டுக்கும் கப்பலிலேயே போய்வந்து வளர்ந்தவன் நான்.

"ஹெலிகாப்டர்ல எனக்கு ரெண்டு காலும் பெடல்ல இருக்கும். ஒரு கை ஸ்டிக்கை விடாது. நீங்களும் அப்படி உக்காந்து தொடுங்க."

தொட்டேன். ஐந்தில் நான்கு தப்பு.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் முன்னும் பின்னுமாக நடந்தேன். மழைமேகத்துக்குள் குலுங்கியபடி, குரலும் எடுபடாமல், விரலும் தவறி, யாருக்கும் கேட்காத அலைவரிசையில் இந்த விமானி கூப்பிட்டுக்கொண்டிருப்பதை நினைத்தேன். அலையால் கப்பல் வேறு தாமதம்.

"என்ன பாய், எத்தனை சக்கர் அடிப்பீங்க? ஆராமா உக்காருங்க, ஹேவ்லாக் எங்கயும் ஓடிப் போகாது" என்றார் கப்பல் ஊழியர் ஒருவர். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஹேவ்லாக் படகுத்துறையில் இறங்கியபோது பத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. சிக்னல் வந்ததும் மேலாளரை அழைத்து, குமிழ் இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார், இரண்டு வருடமாக என் வாயில் அதிகம் அகப்பட்டவர் அவர்தான். உங்கள் சோதனையில் ஒரு தப்புகூட இல்லையே என்று கேட்டார்.

"என்னோடத தூக்கிடுங்க சார். நான் கப்பல்ல வளர்ந்தவன். மத்தவங்களுக்கு வந்த தப்புதான் நிஜம்."

உடனே எழுத்தில் அனுப்பச் சொன்னார். படகுத்துறையிலேயே நின்று தட்டினேன்: விமானிகளுக்குப் பழக்கம் போதவில்லை என்று நான் எழுதியது தவறு. பத்தாக இரண்டு நிமிடம்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பாமல் போனைப் பக்கத்தில் நின்ற விமானியிடம் நீட்டினேன். அவர் நின்று நிதானமாக, கடைசி வரிவரை படித்தார். படித்து முடித்து, அவரே அனுப்பினார்.