வேலியோரத்து எறும்புகள்

எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய சமயம், என் வீட்டுக்காரர் தலையாரி வேலையில் இருந்தார். எருமப்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். பனையில் கட்டும் மண்முட்டியில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கலாம், கள் இறக்கக் கூடாது என்று உத்தரவு. இவர் காலையில் பனங்காட்டுக்குப் போய் ஒவ்வொரு முட்டியிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். இனித்தால் சரி. புளித்தால் மணியக்காரரிடம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஆளே குடிக்கிறார் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

நான் அதிகம் பேசாதவள். மனசில் ஒன்று பட்டால் கேட்க மாட்டேன், பார்த்துக்கொண்டே இருப்பேன்.

முதலில் பட்டது தண்ணீர். வெளியே போய் வந்தால் ஒரு சொம்பு போதாது. பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மொண்டு மொண்டு குடிப்பார். வெயிலுக்கு என்று நினைத்தேன். மழை பெய்து குளிர்ந்த நாளிலும் அப்படித்தான் குடித்தார். குடித்ததும் வேலிப்பக்கம் போவார். வந்து உட்கார்ந்த சூடு ஆறுமுன் மறுபடி எழுந்து போவார்.

"எங்கீங்க போறீங்க?"

"சும்மாதான்."

கள்ளுக் கலயம் எதையோ அங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இல்லாத நேரம் கிளுவை வேலியை அடியோடு கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் மண் தெரியாமல் எறும்பு. கள் சிந்தியிருக்கிறது, கலயத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

சோறு முன்னைவிட அதிகம் தின்றார். உடம்போ இளைத்தது. இடுப்பு வாரில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். நடுப்பகலில் சுருண்டு படுத்தார். காலில் குத்திய கருவேல முள்ளின் புண், ஆறுகிற மாதிரி இருந்து மறுபடி பழுத்தது. குடிகாரன் உடம்பு இப்படித்தான் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

துணி வெளுப்பவர் ஒரு நாள் மூட்டையை அவிழ்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "ஏனம்மிணி, தலையாரி வேட்டியில எறும்பு மொய்க்குது. பனமரத்தடியிலயே குடியிருக்கறாரா?"

"பதநீ சிந்தியிருக்கும்."

"சிந்துனா முன்னால சிந்தும். இது கீழ்க்கரையில அல்லோ மொய்க்குது?" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு ஊரே அவர் நடையைப் பார்த்தது. ஒரு நாள் சாவடி முன்னால் அவருக்குக் கண் இருட்டி, தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். மணியக்காரர் நேரில் பார்த்துவிட்டார். "நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்க. குடிச்சிருக்கானா இல்லையான்னு டாக்டரே சொல்லட்டும்" என்றார். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் வாயை மோந்து பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு சீசாவில் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அதில் கொஞ்சத்தை ஏதோ நீல மருந்தில் விட்டு விளக்கில் காட்டினார். நீலம் மாறிச் செங்கல் நிறமாயிற்று.

"மதுமேகம்" என்றார்.

மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டுக்கிட்டயா? மதுன்னு அவரு வாயிலயே வந்திருச்சு."

மதுவிலக்கு, மதுவிலக்கு என்றுதானே அப்போது தமுக்கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வேறு அர்த்தம் தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

"சாமி சத்தியமா நான் தொடலீங்க" என்றார் இவர்.

"அந்த மது இல்லைங்க" என்றார் டாக்டர். "தேனுக்கும் மதுன்னு பேரு உண்டு. இவருக்கு ஒண்ணுக்குல சர்க்கரை போகுது. நீரிழிவு. ஏம்மா, வேட்டியில எறும்பு வருதா?"

எறும்பைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் தாகம் உண்டா, அடிக்கடி எழுந்து போகிறாரா, தின்றும் இளைக்கிறாரா, புண் ஆறாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனையும் பாத்துக்கிட்டா இருந்தே?" என்றார்.

அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும், வெல்லம், பதநீர் நாக்கில் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வண்டியில் திரும்பி வரும்போது மணியக்காரர் இவரிடம் கேட்டார். "டாக்டருக்குக் கோழி ஏதும் குடுத்தயா?" பாதி விளையாட்டு, பாதி நிஜம். பிறகு, "பதநீய வாயில வைக்காதவன் எனக்கு என்ன தலையாரி? முட்டிய யாரு சோதிக்கறது? மரமேறியவனைக் கேட்டா இனிக்குதுன்னுதான் சொல்லுவான்" என்றார்.

வேலை அங்கேயே போய்விடும் போலிருந்தது.

"நான் குடிச்சுப் பாக்கறனுங்க" என்றேன். மணியக்காரரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சுப் பாரு. புருஷனுக்காவப் பொய் சொன்னீன்னா தெரிஞ்சு போயிரும்" என்றார்.

அப்படித்தான் நான் பனங்காட்டுக்குப் போனேன். இவர் தள்ளி நிற்பார், நான் குடித்துப் பார்த்துத் தலையாட்டுவேன். "தலையாரி பொஞ்சாதி வாராங்க, நல்லதா எறக்கு" என்று மரத்து மேலிருந்து கேலி பேசுவார்கள். வீட்டில் சாமைச் சோறும் கீரையும். மெல்ல மெல்ல இவர் புண் ஆறியது. இடுப்பு வார் பழைய ஓட்டைக்கு வந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. திருவிழா, கல்யாணம் என்று போய் வந்தால் மறுநாள் வேலியோரம் போய்ப் பார்ப்பேன். எறும்பு இருந்தால் அன்று அவருக்குக் கூழ்தான்.

"முந்தி கள்ளுக்கு வேவு பாத்தே, இப்ப வெல்லக் கச்சாயத்துக்கு வேவு பாக்கறே" என்பார்.

"தின்னீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு."

எறும்புக் கூட்டத்தைப் பார்த்தால் ஒன்று தின்றதாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கும் வயதாகிறது. இந்தக் கோடையில் தாகம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. வெயில்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் நான் ஒதுங்கிவிட்டு வரும் இடத்தையும் சற்றுக் கழித்துப் போய் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். நேற்று வரை ஒன்றும் இல்லை.